வாய், இல்லாவிட்டால் பெட்டி

எங்கள் பள்ளிக்கூடத்தில் பல்லுக்குப் பிளேட் போட்ட முதல் ஆள் நான்தான். அதனால் பல் விஷயத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் நானே போய்ச் சொல்லிவிடுவேன்.

என் பெயர் ஜீனா. ஆறாம் வகுப்பு. வீடு கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கம், ஆரியங்கோட்டில். அப்பா ராஜையா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார். அம்மா லீலாபாய் வீட்டிலேயே துணி தைக்கிறார்.

என் மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் இடம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. காலை நேரத்து வெள்ளறடை பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர் உட்காருவது மாதிரி. அதனால் நான் வாயைத் திறந்து சிரிப்பதே இல்லை. எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பிப்ரவரியிலும் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுப்பார்கள். ஐந்து வருஷப் போட்டோவிலும் நான் யாரிடமோ சண்டை போட்டுவிட்டு வந்து நிற்பது போல இருப்பேன். சண்டையெல்லாம் இல்லை. பல்லை மறைத்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

ஆறாவது போட்டோவில் பல் தெரியச் சிரிப்பது என்று முடிவு செய்தேன். அதற்காகத்தான் அப்பாவை நச்சரித்து, நெய்யாற்றின்கரையில் ஸ்ரீகுமாரி டாக்டரிடம் போனேன்.

போவதற்கு முன்னால் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். என் வகுப்புத் தலைவன் சஜு, சுத்தியலால் தட்டித்தான் பல்லை நேராக்குவார்கள் என்றான். எதிர்வீட்டு ஆனந்தபாய் மாமி, கண் பார்வை மங்கிவிடும் என்றார். அங்கே போனால் சுத்தியலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு தட்டு நிறைய பிங்க் நிறக் களியைக் கொண்டுவந்து என் மேல்வாயில் அழுத்தினார் டாக்டர். பல்லின் அச்சு எடுக்கிறார்களாம். குமட்டிக்கொண்டு வந்தது.

"பேடிக்கண்டா மோளே," என்றார் டாக்டர். பயப்படாதே என்று அர்த்தம். மூக்கால் மூச்சு விடு, கால்விரல்களை ஆட்டிக்கொண்டே இரு என்று மலையாளத்தில் சொன்னார். கால்விரலை ஆட்டினால் நிஜமாகவே குமட்டல் குறைந்தது. இரண்டே நிமிஷத்தில் களி உறைந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். "ஆசிட் ஊத்தாமலா இது இவ்வளவு வேகம் உறையுது?" என்று டாக்டரிடம் கேட்டார். ரப்பர் பாலை ஆசிட் ஊற்றி உறைய வைக்கிறவர் அல்லவா, அவருக்கு அதுதான் கவலை.

ஒரு மாதம் கழித்துப் பிளேட் வந்தது. பிங்க் நிறத்தில் மேல்வாய்க்குள் அப்படியே பொருந்தி உட்காரும். முன்னால் மெல்லிய கம்பி. நடுவில் ஒரு குட்டித் திருகு. வியாழக்கிழமைதோறும் அம்மா ஒரு சின்னச் சாவியால் அந்தத் திருகைக் கால் சுற்று திருப்புவார். பிளேட் துளி அகலமாகும். வாய்க்குள் இடம் துளி கூடும். இருபத்துநான்கு திருப்பு முடிந்தால் பல்லுக்கு வேண்டிய இடம் கிடைத்துவிடும்.

டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். தின்னும்போதும் பல் தேய்க்கும்போதும் தவிரப் பிளேட்டைக் கழற்றக் கூடாது. கழுவுவது பச்சைத் தண்ணீரில்தான், வெந்நீர் கூடவே கூடாது. மூன்றாவதுதான் முக்கியம். பிளேட்டுக்கு இரண்டே வீடு. ஒன்று வாய், இல்லாவிட்டால் பெட்டி. இதைச் சொல்லி ஒரு சிவப்புப் பெட்டியும் கொடுத்தார். தொலைத்தால் மறுபடி அச்சு எடுத்துப் பிளேட் செய்து வர ஒரு மாதம் ஆகும் என்றும், அதற்குள் பல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்றும் எச்சரித்தார்.

முதல் வாரம் பேச வரவில்லை. வாய் முழுக்க எச்சில் ஊறியது. நான் "பிரசன்ட் சார்" சொன்னபோது முன்பெஞ்சில் இருந்த சஜு கழுத்தைத் துடைத்துக்கொண்டான். சாயங்காலம் எங்கள் கோழிகளை நிறுத்தி வைத்து, சமூகவியல் பாடத்தைச் சத்தமாக வாசித்தேன். ஐந்தாம் நாள் பேச்சு சரியாகிவிட்டது. கோழிகளுக்குத்தான் அதன் பிறகு என்னைக் கண்டாலே ஓட்டம்.

ஜனவரி பாதி போனபோது இருபது திருப்பு முடிந்திருந்தது. பாக்கி நாலே நாலு.

அப்போதுதான் அஸ்வந்த் விஷயம் வந்தது.

அஸ்வந்த் எங்கள் பக்கத்து வீடு. நாலாம் வகுப்பு. அவனுக்கும் பிளேட் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று சனிக்கிழமை அவன் அம்மா குமாரி அக்கா அவனைக் கூட்டிப் போகப் பார்த்தார். மூன்று முறையும் அவன் முந்திரி மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பஸ் போன பிறகுதான் இறங்கினான்.

"மக்கா, நீ சொல்லு அவன்கிட்ட. நீ சொன்னா கேப்பான்," என்றார் குமாரி அக்கா.

கேட்க வேண்டுமா? வெள்ளிக்கிழமை மத்தியானம் அவனைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

எங்கள் பள்ளியில் பாதிப் பேர் மத்தியானம் அங்கே தரும் கஞ்சியும் பயறும் குடிப்பார்கள். மீதிப் பேர் வீட்டிலிருந்து பொதிச்சோறு கொண்டுவருவோம். வாட்டிய வாழையிலையில் சோறும் கறியும் வைத்துக் கட்டிய பொதி. தின்று முடித்ததும் இலையை மடக்கி வைத்துவிட்டுக் கை கழுவப் போவோம். அன்றைக்கு முறையுள்ள பிள்ளை எல்லா இலையையும் கடவம் என்கிற ஓலைக்கூடையில் அள்ளி, மதிலுக்கு அப்பால் இருக்கும் ரத்னபாய் மாமியின் ஆடுகளுக்குக் கொண்டுபோய்ப் போடும். அன்றைக்கு அஸ்வந்தின் முறை.

முந்தின நாள்தான் திருகு திருப்பியிருந்தது. திருப்பிய மறுநாள் பல் வலிக்கும், கடிக்க முடியாது. அதனால் அம்மா குழைந்த சோறும் மோரும், புழுங்கின ஏத்தன் பழம், அதாவது நேந்திரம், ஒன்றும் வைத்திருந்தார். நான் பழத்தை விரலால் நசுக்கி நசுக்கித் தின்றுகொண்டே அவனுக்குத் தைரியம் சொன்னேன்.

"நோவா? கொஞ்சம்கூட கெடையாது. நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்ல."

அஸ்வந்த் என் விரலையே பார்த்தான். "பின்ன எதுக்கு அக்கா பழத்த நசுக்குறீங்க?"

பேச்சை மாற்றுவதற்காக, தின்னும் முன் கழற்றி இலையின் ஓரத்தில் வைத்திருந்த பிளேட்டைத் தூக்கிக் காட்டினேன். பெட்டி வகுப்பில் என் பைக்குள் இருந்தது. போய் எடுக்கச் சோம்பல். திருகு இது, கம்பி இது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். நாலைந்து பிள்ளைகள் வேறு சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குள் மணி அடித்தது. பிளேட்டைத் திரும்ப இலையில் வைத்து, பழக்கத்தில் இலையை மடக்கிவிட்டு, பேசிக்கொண்டே கை கழுவப் போய்விட்டேன்.

கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது நாக்கு சும்மா மேலே போனது. அங்கே பிளேட் இல்லை.

பையிலிருந்த பெட்டியைத் திறந்தேன். அதிலும் இல்லை. வாயிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை என்றால் இலையில்தான். இலை ஆட்டிடம் போயிருக்கும்.

எழுந்து நின்று சுந்தரதாஸ் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அழுகை வந்தது, ஆனால் முழுதும் சொல்லி முடித்தேன். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் கொடுத்து, துணைக்குச் சஜுவையும் அனுப்பினார்.

இலையை எங்கே போட்டான் என்று கேட்க, முதலில் நாலாம் வகுப்பிலிருந்து அஸ்வந்தைக் கூப்பிட்டோம். அவன் வெளியே வந்ததுமே சஜு பிடித்துக்கொண்டான்.

"எலே, இவளுக்கப் பிளேட்ட நீயாக்கும் ஆட்டுக்குப் போட்டது. ஒரு மாசம் இனி இவளுக்குப் பல்லு கெடையாது."

அஸ்வந்தின் முகம் வெளுத்துவிட்டது.

பாவம், அவன் என்ன செய்வான்? நான் மடக்கி வைத்த இலையைத்தான் மற்ற இலைகளோடு சேர்த்து எடுத்துப் போயிருக்கிறான். ஒரு நிமிஷம், பழியை அவன் மேல் போட்டால் அம்மாவிடம் தப்பிக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. அது சரியில்லை என்றும் உடனே தோன்றியது.

"இலைய எடுத்ததுதான் அவன். இலையில பிளேட்ட வச்சது நானாக்கும். அவனை ஒண்ணும் சொல்லாத," என்றேன்.

மூவரும் மதிலோரத் திறப்பு வழியாக ஓடினோம். ரத்னபாய் மாமியின் முற்றத்தில் நாற்பது இலைக்குக் குறையாமல் சிதறிக் கிடந்தது. மூன்று ஆடுகள் மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தன. சஜு குனிந்து ஒவ்வொரு இலையாகப் புரட்ட ஆரம்பித்தான். இப்படிப் புரட்டினால் சாயங்காலம் ஆகிவிடும்.

நான் ஒரு நிமிஷம் நின்று யோசித்தேன். என் இலைக்கு என்ன அடையாளம்? மற்றவர்கள் இலையில் மீன்முள் இருக்கும், முருங்கைச் சக்கை இருக்கும். என் இலையில் அதெல்லாம் இல்லை. ஆனால் யாரிடமும் இல்லாத ஒன்று என் இலையில் உண்டு.

"மாமி, இதுல எந்த ஆட்டுக்குப் பழத்தோல் ரொம்ப இஷ்டம்?" என்று கேட்டேன்.

"பழத்தோலா? அது கருப்பிக்காக்கும். மத்ததுக்குக் குடுக்காம தூக்கிட்டுப் போயிருமே," என்று மாமி கையை நீட்டினார்.

பலாமரத்தடியில் கருப்பி தனியாக நின்றது. அதன் வாயில் மஞ்சள் தோல் தொங்கியது. காலடியில் கிழிந்த இலை. இலைக்குப் பக்கத்தில் பிங்க் நிறத்தில் என் பிளேட்.

நான் ஓர் அடி வைத்தேன். கருப்பி தலையைத் தாழ்த்திக் கொம்பைக் காட்டியது. நான் இரண்டு அடி பின்னால் வந்தேன். ஒரு விஷயம் நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு ஆடு என்றால் பயம்.

சஜுவைப் பார்த்தேன். அவன் எனக்கும் பின்னால் நின்றான்.

அஸ்வந்த் மட்டும் பயப்படவில்லை. அவன் வீட்டிலும் ஆடு உண்டு. தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு கொத்து பலா இலையை ஒடித்துக் கருப்பியின் முன்னால் நீட்டினான். "நான் இதக் காட்டி அங்க இழுத்துட்டுப் போறேன். நீங்க மெல்லப் போய் எடுங்க அக்கா."

"முட்டுமா?" என்று கேட்டேன்.

அவன் யோசித்துப் பார்த்துச் சொன்னான். "முட்டும். ஆனா ஒரு தடவைதான். அதும் மெல்லத்தான்."

முட்டவே முட்டாது என்று அவன் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அவன் உள்ளதைச் சொன்னதால் எனக்குத் தைரியம் வந்தது. கால்விரல்களை ஆட்டிக்கொண்டே நடந்து போனேன். கருப்பி திரும்பி வந்து என் தொடையில் ஒரு முட்டு முட்டிவிட்டுப் பலா இலைக்கே போய்விட்டது. ஒரே தடவைதான். மெல்லத்தான்.

பிளேட் உடையவில்லை. கம்பி வளையவில்லை. கருப்பி நக்கிப் பார்த்துவிட்டு, ருசி பிடிக்காமல் விட்டிருக்கிறது. மாமியின் கிணற்றடியில் கழுவி, கையோடு கொண்டு வந்திருந்த பெட்டியில் வைத்து மூடினேன்.

திரும்பி வரும்போது அஸ்வந்த் மெதுவாகக் கேட்டான். "உண்மையிலயே நோவாதா அக்கா?"

கருப்பியின் முட்டு எனக்கு நினைவு வந்தது.

"நோவும்," என்றேன். "திருப்பின மறுநாள் முறுக்கு கடிச்சு அழுதிருக்கேன். ஆனா ஒரு நாள்தான். அடுத்த நாள் இருக்காது. களி வைக்கும்போ குமட்டும். அது ரெண்டு நிமிஷம். ஒரு வாரம் பேச்சு கொழகொழன்னு வரும். பிறகு ஒண்ணும் இல்ல."

அவன் ஒவ்வொன்றாக விரல் மடக்கிக் கேட்டான். "சுத்தியல்?"

"சுத்தியல் கெடையாது. நான் எல்லா இடமும் பாத்துட்டேன்."

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போவதற்கு முன்பே செய்தி போய்விட்டது. அம்மா அடுப்பில் ஒரு பானைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றார். எங்கள் வீட்டில் எதற்கும் வெந்நீர்தான். பால் தம்ளரா, காயத்துணியா, மீன் வைத்த பாத்திரமா, எல்லாம் கொதித்த தண்ணீரில் விழுந்து எழுந்தாக வேண்டும்.

"கொண்டா அத. ஆட்டுக்க வாயில கிடந்தது. அஞ்சு நிமிசம் கொதிக்கட்டு."

நான் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். "வெந்நீர்ல போடக் கூடாதும்மா. டாக்டர் சொல்லிருக்காங்க. வளஞ்சு போவும்."

ஆட்டு எச்சில் பற்றி டாக்டருக்கு என்ன தெரியும் என்று கேட்டார் அம்மா. இவ்வளவு கெட்டியான சாமான் எப்படி வளையும் என்றும் கேட்டார். நான் பேசப் பேச அம்மாவின் குரல் உயர்ந்தது. பேசிப் பயனில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அலமாரியிலிருந்து என் நீலச் சீப்பை எடுத்து வந்தேன். போன வருஷம் பாறசாலையில் ஆசையாக வாங்கியது. அதையும் அம்மா கெட்டி என்றுதான் சொல்லுவார்.

"முதல்ல இதப் போட்டுப் பாப்போம். இது வளையலன்னா பிளேட்டையும் தாறேன்."

சீப்பு பானைக்குள் போனது. அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டியால் தூக்கியபோது, நேராக இருந்த சீப்பு ஏத்தன் பழம் மாதிரி வளைந்து வந்தது.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பானையை இறக்கி வைத்தார். "செரி, பச்சத் தண்ணியிலயே கழுவு. ஆனா சோப்புப் போட்டு பத்துத் தடவ," என்றார். ஒன்பதாவது தடவைக்குப் பிறகு அவரே வாங்கிப் பத்தாவது தடவை தேய்த்தார். பிளேட் என் வாயில் எப்போதும் போலப் பொருந்தி உட்கார்ந்தது. சோப்பு ருசி மட்டும் ராத்திரி வரை போகவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. டாக்டரிடம் காட்டுவதற்காக அப்பாவும் நானும் பஸ்ஸுக்கு நின்றோம். முந்திரி மரத்தில் யாரும் இல்லை. குமாரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அஸ்வந்த் வந்தான். குளித்து, நெற்றியில் சந்தனம் வைத்திருந்தான்.

டாக்டரிடம் நடந்ததெல்லாம் நானே சொன்னேன். அவர் பிளேட்டை மருந்துத் தண்ணீரில் கழுவி, போட்டுப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்றார். சீப்புக் கதையைக் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வெந்நீரில் போட வேண்டாம் என்று சொன்னால் பாதிப் பேர் கேட்பதில்லையாம். இனி எல்லோருக்கும் இந்தச் சீப்புக் கதையைச் சொல்லப் போவதாகச் சொன்னார்.

அஸ்வந்த் நாற்காலியில் ஏறினான். களித்தட்டு வந்தது. அவன் கண் என்னைத் தேடியது. நான் அவன் காலைக் காட்டினேன். உடனே பத்து விரலும் ஆட ஆரம்பித்தன. இரண்டு நிமிஷம் கழித்துத் தட்டை எடுத்ததும், "இவ்வளவுதானா?" என்று கேட்டான். அப்பா அவனிடம், ஆசிட் இல்லாமலே எப்படி உறைகிறது பார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் அவனுக்கும் பிளேட் வந்தது. அந்த வாரத்திலேயே பள்ளிப் போட்டோ எடுக்கும் நாளும் வந்தது.

என் பல் இரண்டும் இன்னும் முழுசாக நேராகவில்லை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன, ஆனால் ஒன்றின்மேல் ஒன்று உட்காரவில்லை. முன்னால் கம்பி வேறு மின்னும். அதனால் கடைசி நேரத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சிரிக்கலாமா, வாயை மூடிக்கொள்ளலாமா? போட்டோக்காரர் கேமராவைச் சரிசெய்து, எல்லோரும் அசையாமல் நிற்கச் சொன்னார்.

எனக்கு முன்வரிசையில் நின்ற அஸ்வந்த் சடாரென்று என் பக்கம் திரும்பினான். கழற்றக் கூடாத நேரத்தில் நான் பிளேட்டைக் கழற்றிவிட்டேனோ என்று அவனுக்குக் கவலை.

"அக்கா," என்றான் கொழகொழவென்று, எச்சில் தெறிக்க. "வாயிலயா, பெட்டியிலயா?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த நேரத்தில் பளிச்சென்று விளக்கு மின்னியது.

அந்த வருஷப் போட்டோவில் அஸ்வந்தின் பின்னந்தலை மட்டும்தான் தெரிகிறது. என் பற்கள் எல்லாமே தெரிகின்றன, கம்பியோடு சேர்த்து.